பட்டணத்தில் தலைசாய்க்க ஓர் இடம்

கல்வி தேடியோ உத்தியோகம் தேடியோ சென்னைப் பட்டணத்துக்கு வந்து சேர்ந்த கிராமத்து இளைஞனுக்கு, கல்லூரி வாசலையோ கச்சேரி வாசலையோ மிதிப்பதற்கு முன்பாகவே இரண்டு காரியங்கள் கைகூட வேண்டியிருந்தன: உண்டு உறங்குவதற்கு ஓர் இடம் வேண்டும்; அவன் இன்னான் என்று அறிந்து நாலு பேரிடம் எடுத்துச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும். இவ்விரண்டும் வாய்த்தவன் முன்னுக்கு வந்தான். வாய்க்காதவன், எத்துணை புத்திக்கூர்மை உடையவனாயினும், வந்த வழியே ஊர் திரும்பினான். ஆகவே இந்நகரில் யார் படித்தார்கள், யார் வேலைக்கு அமர்ந்தார்கள் என்னும் சரித்திரத்தை அறிய விரும்புவோர், கல்லூரிக் கட்டடங்களின் பெருமையை ஆராய்வதற்கு முன்னால், அங்கே பயின்ற பிள்ளைகள் எந்தத் திண்ணையில் உறங்கினார்கள், யார் வீட்டில் உண்டார்கள் என்பதை ஆராய வேண்டும்.

இந்நகரத்தின் பழைய தர்மம் கஞ்சியிலிருந்து தொடங்குகிறது. ஹைதர் அலியின் படையெடுப்பால் சுற்றுப்புறத்துக் கிராமங்கள் பாழ்பட்டு, பஞ்சத்தில் அடிபட்ட ஜனங்கள் கோட்டையை நாடி வந்து குவிந்த காலத்தில், 1782-ஆம் ஆண்டில், மணியக்காரர் ஒருவர் வடசென்னையில் கஞ்சி வார்க்க ஏற்பாடு செய்தார். அதுவே மணியக்காரர் சத்திரமாக நிலைபெற்று, நோயாளிகளையும் ஏற்று வைத்தியசாலையாக வளர்ந்து, பிற்காலத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி என்னும் பெயர் கொண்டது. ஆங்கிலப் பெயர் சூட்டி எத்தனையோ ஆண்டுகள் சென்ற பின்னரும், வண்ணாரப்பேட்டை, ராயபுரத்து மக்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே வழங்கி வந்தனர். வார்த்த கஞ்சியை ஜனங்கள் அவ்வளவு எளிதில் மறந்துவிடுவதில்லை.

கஞ்சிக்கு அடுத்தபடி கல்வி. தந்தையை இழந்த வறிய குழந்தையாகத் தாயுடன் பட்டணம் வந்து, பவுனி நாராயண பிள்ளை என்னும் துபாஷியின் (வெள்ளையருக்கு மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்தவரின்) ஆதரவில் வளர்ந்து, அவரிடமே தொழில் பயின்று, பின்னர் தாமே பெரும் துபாஷியாகிச் செல்வம் ஈட்டிய பச்சையப்ப முதலியார், 1794-ஆம் ஆண்டில் காலமாவதற்கு முன் தம் பொருளை அறங்களுக்கென எழுதி வைத்தார். அந்தச் சொத்து நெடுங்காலம் வழக்கில் சிக்கிக் கிடந்து, அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் போன்றோர் முயற்சியால் மீண்டு, 1842-ஆம் ஆண்டில் ஏழை ஹிந்துப் பிள்ளைகளுக்கான பாடசாலையாக உருவெடுத்தது. பிறர் வீட்டு நிழலில் வளர்ந்த ஒருவரின் பணம், அவர் மறைந்து அரை நூற்றாண்டு ஆகும் தருவாயில், ஆயிரமாயிரம் பிள்ளைகளுக்கு நிழலாயிற்று என்பது நெஞ்சை நெகிழ்விக்கும் செய்தியன்றோ! ஆயினும் அந்நிழலுக்கும் ஓர் எல்லை இருந்தது. ஹிந்துக்கள் அல்லாதார் பச்சையப்பன் கல்லூரியில் பிரவேசிக்க 1947 வரை காத்திருக்க நேர்ந்தது.

வேலை தேடியவன் நிலைமையை அறியக் கணிதமேதை ராமானுஜத்தின் கதை ஒன்றே போதும். பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் பரீட்சையில் தேறாமல், குடும்பப் பொறுப்பும் வந்து சேர்ந்துவிட்ட அவர், 1910-ஆம் ஆண்டில் தம் நோட்டுப் புத்தகத்துடன் திருக்கோயிலூருக்குச் சென்று, அங்கு டிப்டி கலெக்டராயிருந்த வி. ராமசாமி ஐயரிடம் தாலுகா குமாஸ்தா வேலை கேட்டார். நோட்டைப் புரட்டிய ராமசாமி ஐயர், இந்த மேதையைத் தாலுகா கச்சேரியில் முடக்கலாகாது என்று கருதி, சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அக்கடிதங்களின் வழியே நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவின் அறிமுகம் கிட்டியது. அவர் தம் கைப்பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் அளித்து வந்தார். 1912-ஆம் ஆண்டில் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை கிடைத்தபோதும், மனுவுடன் ராஜதானிக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் சிபாரிசும் சென்றது. உலகம் போற்றும் மேதைக்கே இத்தனை கடிதங்கள் தேவைப்பட்டன என்றால், கடிதம் எழுதித் தர ஆளில்லாத சாமானியனின் கதி என்ன என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்வாறு ஆளில்லாதவர்களுக்கு ஆளாக நின்றவையே மாணவர் இல்லங்கள். 1905-ஆம் ஆண்டில் சுவாமி ராமகிருஷ்ணானந்தரின் தூண்டுதலால், ஆதரவற்ற ஒருசில சிறுவர்களுடன் மயிலாப்பூரில் ஸ்ரீ ராமகிருஷ்ண மாணவர் இல்லம் தோன்றியது. அதற்கு முன்பே, 1894-ஆம் ஆண்டில், பள்ளிகள் பலவும் ஏற்காத பஞ்சமர் குழந்தைகளுக்காகக் கர்னல் ஆல்காட் அடையாற்றில் இலவசப் பள்ளி ஒன்றை நிறுவியிருந்தார். திருவல்லிக்கேணியில் வைத்தியம் பார்த்துவந்த டாக்டர் நடேச முதலியாரோ, பிராமணரல்லாத மாணவர்கள் தங்கவும் உண்ணவும் இடமின்றி அலைவதைக் கண்டு, முதல் உலக யுத்த காலத்தில் திராவிடர் இல்லம் என்னும் விடுதியை நடத்தினார். கல்லூரியில் இடம் கிடைத்தும், சாப்பாட்டு விடுதியில் இலை கிடைக்காதவனுக்கு அந்தக் கல்லூரி இடத்தால் என்ன பயன் என்பதே அவர் எழுப்பிய கேள்வி.

பெண்களின் துயரம் இதனினும் கொடியது. பதினோரு வயதிலேயே கணவனை இழந்தும், தந்தையின் துணிவால் படித்து 1911-ஆம் ஆண்டில் பட்டம் பெற்ற சகோதரி சுப்பலட்சுமி, தம்மைப் போன்ற பால்ய விதவைகள் சிலரைத் தம்முடன் வைத்துக்கொண்டு, தம் சித்தியின் துணையோடு படிக்க வைத்தார். பெண்கள் பெருகவே வீடு போதவில்லை. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைக்க 1842-ஆம் ஆண்டில் கடற்கரையில் எழுந்த ஐஸ் ஹவுஸ், அவ்வியாபாரம் நசித்தபின் கைமாறி, பிளிகிரி ஐயங்காரால் ஜன்னல்களும் வட்டத் தாழ்வாரங்களும் பெற்று வாசத்துக்கு ஏற்றதாகி, முடிவில் இவ்விதவைகளின் விடுதியாயிற்று. வீட்டின் பின்கட்டு இருட்டில் முடங்கிக் கிடக்கும்படி ஊரார் விதித்த பெண்கள், அத்தாழ்வாரங்களில் கடற்காற்று வீசப் பாடம் படித்து, உபாத்தியாயினிகளாகி, சொந்தச் சம்பாத்தியத்தில் ஜீவித்தார்கள். சோறும் படிப்பும் தொழிலும் ஒரே கூரையின் கீழ் இணைந்த அந்த ஏற்பாட்டைக் காட்டிலும் சிறந்த சமூக சேவை ஒன்று இந்நகரில் நடந்ததாக நான் கருதவில்லை.

எனினும் அவ்விடுதியும் பிராமண விதவைகளுக்கென்றே தொடங்கியது. பெண் குழந்தைகளுக்கான விடுதிகள் பலவும் இவ்வாறு சாதி பார்த்தே இடமளித்து வந்த நாளில், தேவதாசி வாழ்க்கையிலிருந்து தப்பி வந்த சிறுமியர், 1930-ஆம் ஆண்டில், எங்கும் இடமின்றி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வீட்டை அடைந்தார்கள். சுப்பலட்சுமி பிறந்த அதே 1886-இல் பிறந்தவர் அவர். தேவதாசி குலத்துத் தாயின் மகள். அச்சிறுமியரைத் தம் இல்லத்திலேயே ஏற்றுக்கொண்டதன் பயனாக உதித்ததுதான் ஔவை இல்லம்.

இந்த ஸ்தாபனங்களை வரிசையாக நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். ஒவ்வொன்றும் மற்றொன்றின் வாசலில் நின்று திரும்பியவர்களுக்காகவே பிறந்தது. தனியார் தர்மம் எத்துணை தூயதாயினும், கொடுப்பவர் கண்ணுக்கு யார் தென்படுகிறாரோ அவருக்கே அது போய்ச் சேருகிறது. ஆதலின் எல்லோருக்கும் பொதுவான ஒரு கடமையாக அதை மாற்றும் பொறுப்பு அரசாங்கத்தைச் சார்ந்தது. 1920-ஆம் ஆண்டில் பிட்டி தியாகராய செட்டியார் காலத்து நகரசபை, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவில் மதிய உணவு அளித்தது அம்மாற்றத்தின் தொடக்கம். சில ஆண்டுகளில் அது நின்றுபோனாலும், அதன் கருத்து நிற்கவில்லை. யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்காக 1945-ஆம் ஆண்டில் ஏற்பட்ட எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சு 1948-இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. காலியிடங்களை அதற்கு அறிவித்தே ஆகவேண்டும் என்ற சட்டம் 1959-இல் பிறந்தது. அதுமுதல், சிபாரிசுக் கடிதம் எழுதித் தர யாருமில்லாத குடும்பத்துப் பையனும் கியூவில் நின்று, தன் பெயரைப் பதிந்து, நம்பர் போட்ட அட்டை ஒன்றைப் பெற்றான். வேலை உடனே கிட்டாமல், அட்டையைப் புதுப்பித்துப் புதுப்பித்தே வயது கடந்தவர்கள் அநேகர். ஆயினும் மிராசுதார் மகனும் கூலிக்காரன் மகனும் ஒரே வரிசையில் பதிவானது சிறிய காரியமன்று.

இன்றும் பட்டணத்துக்கு வருவோர் வந்துகொண்டே இருக்கிறார்கள்; அவர்களுக்கென இல்லங்களும் திட்டங்களும் பலவாறு பெருகியுள்ளன. அவற்றின் தகுதியை மதிப்பிட விரும்பினால், எத்தனை பேருக்கு இடம் தந்தார்கள் என்ற கணக்கோடு நில்லாமல், யாரை வாசலிலிருந்து திருப்பி அனுப்பினார்கள் என்றும் நாம் கேட்க வேண்டும். நடேச முதலியாரும் சுப்பலட்சுமியும் முத்துலட்சுமி ரெட்டியும் கேட்டது அந்தக் கேள்வியையே. அதற்கு விடையாக அவர்கள் திறந்த வாசல்களின் வழியாகத்தான் இந்நகரத்தின் பாதி ஜனம் உள்ளே வந்தது.