கணினித் தூய்மை: ஒரு சிறு வரலாறு

கணினியைத் தூய்மை செய்யும் பணிக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை என் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

2003ஆம் ஆண்டு நம் நாட்டில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. அப்பாட ஆசிரியர்களுக்கு அரசு மடிக்கணினி வழங்கியது. அதன்பின் சில ஆண்டுகளில், ஜொகூரில் நான் பணியாற்றிய தமிழ்ப்பள்ளியில் பென்டிரைவ் எனும் விரலி கைக்குக் கை மாறிற்று. ஒரு நாள் அலுவலகக் கணினியில் கோப்புறைகளின் பெயர்கள் மட்டுமே இருந்தன. மூன்றாண்டுகளாகச் சேர்த்த தமிழ்த் தேர்வுத்தாள்களைக் காணவில்லை. நச்சுநிரல் தின்றுவிட்டது என்றெண்ணி, வட்டு முழுவதையும் ஃபார்மட் செய்தோம். அவ்வகை நச்சுநிரல் கோப்புறைகளை மறைத்துவிட்டு, அதே பெயரில் போலிகளை வைக்கும் என்பதைப் பின்னரே அறிந்தேன். தாள்களை அழித்தவர்கள் நாங்களே!

1971இல் அமெரிக்காவில் பாப் தாமஸ் எழுதிய 'கிரீப்பர்' கணினிக்குக் கணினி தாவியது. தீங்கேதும் செய்யவில்லை. அதனைத் தேடி அழிக்க, மின்னஞ்சலின் தந்தை எனப்படும் ரே டாம்லின்சன் 'ரீப்பர்' எழுதினார். தூய்மைப் பணியின் தொடக்கம் அதுவே.

1986இல் லாகூரிலிருந்து 'பிரெயின்' புறப்பட்டது. தங்கள் மென்பொருளைக் களவாகப் படியெடுப்போரைத் தடுக்கவே எழுதியதாக அதன் ஆசிரியர்களான ஆல்வி சகோதரர்கள் கூறினர். தங்கள் முகவரியையும் அதில் பொறித்திருந்தனர். நெகிழ்வட்டு சென்ற இடமெல்லாம் அதுவும் சென்றது. 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து மின்னஞ்சலில் காதல் கடிதமாக வந்த நச்சுநிரலோ படக்கோப்புகளை உண்மையாகவே அழித்தது.

விரலியைச் செருகியதும் நிரல் தானே இயங்கும் வசதியைப் பல நச்சுநிரல்கள் பயன்படுத்திக்கொண்டன. விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டா கணினிகளில் அதனை முடக்கும் மேம்பாட்டை மைக்ரோசாப்ட் 2011 பிப்ரவரியில் பரவலாக அனுப்பியது. அதற்குள் எங்கள் தாள்கள் போய்விட்டன.

நெகிழ்வட்டு, மின்னஞ்சல், விரலி என வாகனம் மாறினாலும், அதற்குக் கதவைத் திறந்தது நாம் நம்பிப் பெற்ற பொருளே. இலவச மென்பொருளை நிறுவும்போது, படிக்காமல் 'அடுத்து' என அழுத்துவதால் வேண்டாத நிரல்கள் உடன் நுழைவதும் அவ்வாறே.

ஆகவே, அலுவலகக் கணினியில் எவரும் பயன்படுத்தாத நிரல்களை நீக்குங்கள். நச்சுநிரல் தடுப்பானைப் புதுப்பித்து வையுங்கள். கோப்புகள் மறைந்தால் பதற்றம் வேண்டா; மறைந்த கோப்புகளைக் காட்டும் வசதியை முதலில் இயக்கிப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தேர்வுத்தாள்களுக்கு வேறோர் இடத்தில் படி ஒன்று இருக்கட்டும். படியெடுத்த பின்னரே துடைப்பத்தைக் கையில் எடுங்கள்.