கொல்கத்தாவில் கேரவன் வாடகைக்கு எடுக்கிறீர்களா? முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்க
படுக்கை, சமையல் மேடை, கழிப்பறையோடு ஒரு கேரவன். கொல்கத்தாவிலிருந்து சுமார் 500 கி.மீ. தூரத்தில், ஒடிஷாவின் புரி ஜெகந்நாதர் கோயிலுக்குக் குடும்பத்தோடு பயணம். திட்டம் இதுதான் என்றால், முன்பணம் கொடுக்கும் முன் இதைக் கவனிங்க.

பெட்ரோல், டீசல் வண்டிகளில் மஞ்சள் பிளேட், கறுப்பு எழுத்து என்றால் டிரைவரோடு வரும் வாடகை வண்டி. கறுப்பு பிளேட், மஞ்சள் எழுத்து என்றால் நீங்களே ஓட்டும் வாடகை வண்டி. வெள்ளை பிளேட் சொந்த உபயோகத்துக்கு மட்டுமே.

'கம்மி வாடகைதான், எடுத்துட்டுப் போங்க' என்று வெள்ளை பிளேட் வண்டியைக் காட்டினால் வேண்டாம். வாடகைக்கு ஓட்ட 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-வது பிரிவுப்படி பெர்மிட் வேண்டும். அது இல்லாமல் விபத்து நடந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம்.

மாநிலம் தாண்டுவதால், அகில இந்திய சுற்றுலா பெர்மிட் இருக்கிறதா என்றும் கேளுங்க. காப்பீடு, தகுதிச் சான்று எந்தத் தேதி வரை என்பதை எம்-பரிவாகன் செயலியில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.