பிரேக் இன்ஸ்பெக்டரின் கண்: 'சோதனை' என்கிற சொல்லை முன்வைத்துச் சில குறிப்புகள்

கடத்தூர் வாரச்சந்தைக்கு வெற்றிலைக் கட்டு ஏற்றி வருகிற டெம்போக்காரர்கள் எதிரில் வருகிற வண்டிக்கு ஹெட்லைட்டை இரண்டு தடவை அணைத்துப் போட்டால், 'முன்னால பிரேக் இன்ஸ்பெக்டர் நிக்கிறாரு' என்று அர்த்தம். அரசாங்கத் தாளில் அவர் மோட்டார் வாகன ஆய்வாளர். சனங்கள் அந்தப் பெயரை ஒருபோதும் எடுத்துக்கொண்டதில்லை. பிரேக்கைப் பார்க்கிறவர், வண்டியை நிறுத்துகிறவர், ஒரு நாள் பிழைப்பையே நிறுத்திவிடக் கூடியவர் என்கிற மூன்றும் சேர்ந்த ஒரு சொல்லை அவர்களே செய்துகொண்டார்கள். அதிகாரத்துக்குக் கீழேயிருந்து வைக்கப்படும் பெயர்களில் இப்படி ஒரு துல்லியம் இருக்கும்.

இந்தக் கட்டுரையின் கேள்வி இவ்வளவுதான்: இந்த ஆள் எதைப் பார்க்கும்படி நியமிக்கப்பட்டார்? எதைப் பார்க்காமல் இருக்கும்படி நியமிக்கப்பட்டார்? லஞ்சம் வாங்குகிறாரா இல்லையா என்கிற விவாதத்தை நடுத்தர வர்க்கம் போதுமான அளவு செய்துவிட்டது. அது தனிமனித ஒழுக்கம் பற்றிய பேச்சு. நமக்கு வேண்டியது அந்தப் பார்வையின் வரலாறு.

1914இல் பிரிட்டிஷ் இந்திய அரசு முதல் மோட்டார் வாகனச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வண்டியைப் பதிவு செய், ஓட்டுகிறவன் லைசென்ஸ் எடு என்பதற்கு மேல் அதில் பெரிதாக ஒன்றுமில்லை. 1939ஆம் ஆண்டுச் சட்டம்தான் இன்றைய அமைப்பைக் கட்டியது. எந்த ஊருக்கு எத்தனை பஸ் என்று தீர்மானிக்கிற வட்டாரப் போக்குவரத்து அதிகாரம், பர்மிட், தகுதிச் சான்று, காப்பீடு எல்லாமே அதிலிருந்து வந்தவை. 'எஃப்.சி.' என்று நாம் சொல்கிற தகுதிச் சான்று அந்தச் சட்டத்தின் 38ஆம் பிரிவு. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதுவே 56ஆம் பிரிவாயிற்று. பிரேக், ஸ்டீயரிங், டயர், விளக்கு, ஹாரன் என வண்டியின் உடல் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றும் பார்வைக்கு உள்ளானது. வண்டிக்காரனும் இதற்குத் தன் எதிர்வினையைக் கண்டுபிடித்தான். எஃப்.சி.க்குப் போகும் முன் பெயின்ட் அடிப்பான், பக்கத்து வண்டியிலிருந்து நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டுவான். பார்வைக்காகவே ஒரு உடலைத் தயாரித்துக் காட்டிவிட்டு, மறுநாள் பழைய உடலோடு சாலைக்கு வருவான்.

இந்தப் பகுதிப் பட்டியலில் ஒன்று இல்லை. வண்டிக்குள் யார் ஏற்றப்படுகிறார், யார் ஏற்றப்படுவதில்லை என்பது.

பட்டியலில் இல்லாததை ஒருவர் பார்த்த ஒரு தருணம் நம் வரலாற்றில் உண்டு. 1920களின் இறுதியில் ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தவர் பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்திரபாண்டியன். 1929 செங்கல்பட்டு முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். தனியார் பஸ் முதலாளிகள் தீண்டப்படாதவர் எனப்பட்டோரை ஏற்ற மறுத்த காலம் அது. ஏற்ற மறுத்தால் லைசென்ஸ் ரத்து என்று அவர் உத்தரவு போட்டார். உபதேசம், மனமாற்றம், சமபந்தி எதுவுமில்லை. நீ ஏற்றாவிட்டால் உன் வண்டி ஓடாது, அவ்வளவுதான். அவர் வாழ்க்கையைச் சொல்கிறவர்கள் இதை அவருடைய நல்ல மனதுக்கு உதாரணமாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. லைசென்ஸ் என்கிற வறண்ட நிர்வாகக் கருவி சாதியைப் பார்க்கும்படி திருப்பிவிடப்பட முடியும் என்பது அன்றைக்கு நிரூபணமாயிற்று.

அடுத்த பத்தாண்டில் வந்த 1939 சட்டம் இந்த அனுபவத்திலிருந்து எதையும் கற்றுக்கொள்ளவில்லை. பர்மிட் தரும்போது பொதுமக்கள் நலனைக் கவனிக்கச் சொல்கிறது 47ஆம் பிரிவு. அந்தப் 'பொதுமக்கள்' சாதியற்ற, முகமற்ற ஒரு திரள். பிறகு, விடுதலைக்குப் பிந்திய சென்னை அரசு 1956இல் 1298ஆம் எண் அரசாணை வழியாகப் பர்மிட்டுக்கு மதிப்பெண் முறை கொண்டுவந்தது. எத்தனை பஸ் இருக்கிறது, பட்டறை இருக்கிறதா, வழித்தடத்தில் இருப்பிடம் உண்டா, முன் அனுபவம் என்ன என்று மார்க். பஸ் வைத்திருப்பவனுக்கு மேலும் பஸ், பட்டறை வைத்திருப்பவனுக்கு மேலும் மார்க். 'தகுதி' இங்கே வண்டியிலிருந்து முதலாளிக்கு இடம் மாறுகிறது. இந்த ஆணை உச்ச நீதிமன்றத்தில் 1964இல் விழுந்தது ராஜகோபால நாயுடு வழக்கில். வழக்கின் பொருள் சென்னை–கிருஷ்ணகிரி வழித்தடம். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் அப்போது சேலம் ஜில்லாவுக்குள் இருந்தன. தருமபுரி பிரிந்தது 1965இல்தான். தீர்ப்பு என்ன சொன்னது? நீதிமன்றம் போல இயங்கும் ஒரு அதிகார அமைப்புக்கு எப்படித் தீர்ப்பளிப்பது என்று அரசு கட்டளையிட முடியாது என்றது. மதிப்பெண்கள் யாருக்குச் சாதகமானவை என்கிற கேள்வி அங்கே மையத்துக்கு வரவேயில்லை.

பொம்மிடியும் மொரப்பூரும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ரயில் பார்த்த ஊர்கள். இடையிலிருக்கும் கடத்தூர் போன்ற ஊருக்கு உலகம் என்பது பஸ்தான். எனவே 1971க்குப் பிறகு திமுக அரசு பெரிய பஸ் முதலாளிகளின் வண்டிகளை எடுத்துக்கொண்டபோது அது வெறும் சொத்து மாற்றமாக இருக்கவில்லை. 1973இல் சேலத்தில் அண்ணா போக்குவரத்துக் கழகம், பின்னால் தருமபுரிக்கென்று அன்னை சத்யா போக்குவரத்துக் கழகம். பஸ்ஸில் ஏறுவது முதலாளியின் தயவு என்பது போய், குடிமகனின் பாத்தியதை என்றாயிற்று. இதைக் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆனால் பார்க்கப்படாமல் விடப்பட்டது காணாமல் போவதில்லை. 1997இல் தென்மாவட்டத்தில் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு கழகம் தொடங்கப்பட்டதும், தலித் வீரன் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் நின்றார்கள். கலவரம் மூண்டது. அரசு என்ன செய்தது? எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. அன்னை சத்யாவும் போனார், அண்ணாவும் போனார். சௌந்திரபாண்டியன் காலத்தில் ஏற்ற மறுத்தவனுக்குத் தண்டனை. 1997இல் ஏற மறுத்தவனுக்குச் சமாதானம். எழுபது ஆண்டு அரசியல் இந்த இரண்டு ஓரங்களுக்கு நடுவில் இருக்கிறது.

இங்கே 'சோதனை' என்கிற சொல்லுக்கு வருவோம். தமிழில் அது பரிசோதிப்பதையும் குறிக்கும், துன்பத்தையும் குறிக்கும். 'என்ன சோதனைடா இது' என்று கிழவி தலையில் அடித்துக்கொள்ளும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. 1992 ஜூன் 20 அன்று அரூர் வட்டம் வாச்சாத்திக்குச் சந்தனமரச் சோதனை என்று சொல்லித்தான் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் போனார்கள். 18 பெண்கள் பாலியல் வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டார்கள், வீடுகள் நொறுக்கப்பட்டன. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அவர்களில் 54 பேர் இடையில் இறந்துபோக, மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சாலையில் வண்டியைச் சோதிக்கிறவரையும் வாச்சாத்தியில் நுழைந்தவர்களையும் நான் சமப்படுத்தவில்லை. இரண்டுக்கும் அடியில் ஓடுகிற இலக்கணத்தைக் கவனிக்கச் சொல்கிறேன். சோதிக்கிறவன் பார்க்கிறான், சோதிக்கப்படுகிறவன் பார்க்கப்படுகிறான். திரும்பிப் பார்க்கிற உரிமை பின்னவனுக்கு இல்லை. வாச்சாத்தி மக்கள் 19 ஆண்டு, பிறகு இன்னும் 12 ஆண்டு, விடாமல் செய்தது அந்தத் திரும்பிப் பார்த்தலைத்தான்.

சட்டத்தில் இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், 1976க்குப் பின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், பொது வாகனத்தில் ஏறுவதைத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. சேவை மறுத்ததற்காகத் தண்டிக்கப்பட்டவனின் லைசென்ஸை ரத்து செய்ய 8ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. சௌந்திரபாண்டியனின் நெம்புகோல் அங்கே அப்படியே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 86ஆம் பிரிவும் நிபந்தனை மீறினால் பர்மிட்டை ரத்து செய்யச் சொல்கிறது. ஆனால் ஒன்று போலீஸ் ஸ்டேஷனில், இன்னொன்று ஆர்.டி.ஓ. ஆபீசில். பஸ் காலனி நிறுத்தத்தில் நிற்காமல் போனால், அதைக் கவனிக்க வேண்டிய கண் இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் எங்கோ தொலைந்துவிடுகிறது.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் தகுதிச் சோதனையைத் தானியங்கி நிலையங்களுக்கு மாற்ற வழி செய்திருக்கிறது. மனிதக் கண்ணை நம்ப முடியாது, எந்திரம் பொய் சொல்லாது என்பது வாதம். இருக்கலாம். எந்திரம் லஞ்சம் கேட்காது. தரப்பட்ட பட்டியலுக்கு வெளியே எதையும் பார்க்கவும் பார்க்காது. பிரேக் இன்ஸ்பெக்டராவது ஒரு மனிதர். அவரைப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம், ஏன் பார்க்கவில்லை என்று சண்டை போடலாம்.

எனவே நம் வேலை பட்டியலைத் திரும்ப எழுதுவது. பிரேக் பிடிக்கிறதா என்பதோடு, வண்டி எந்தத் தெரு முனையில் பிரேக் பிடிக்கிறது, எங்கே பிடிக்காமல் போகிறது என்பதையும் அதில் சேர்க்க வேண்டும். காலனி நிறுத்தத்தில் கை நீட்டி நிற்கிறவளுக்கு அது ரொம்ப நாளாகத் தெரியும்.