கெடு இல்லாத கடன்

2020 மார்ச் 17 அன்று பிரான்சில் ஊரடங்கு தொடங்கியது. மூன்று நாள் கழித்து 'அனிமல் கிராசிங்' விளையாட்டின் புதிய பதிப்பு வெளியானது. அங்கிருக்கும் என் பேத்தி வீடியோவில் ஒரு தீவைக் காட்டி, "தாத்தா, இதுதான் என் வீடு" என்றாள். மீன் பிடிக்கலாம், மரம் நடலாம், சும்மாவும் இருக்கலாம். "யார் ஜெயிப்பது?" என்று கேட்டேன். "யாருமில்லை" என்றாள்.

பிறகு அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். கட்சுயா எகுச்சி, சிபாவில் குடும்பத்தையும் நண்பர்களையும் விட்டுவிட்டு, நிண்டெண்டோ வேலைக்காகக் கியோட்டோ வந்தவர். அந்தத் தனிமையில் முளைத்த எண்ணமே 2001இல் ஜப்பானில் வெளியான முதல் விளையாட்டு. ஒரு கிராமத்தில் நால்வர் குடியிருக்கலாம். ஒரே நேரத்தில் ஒருவர்தான் ஆடலாம். மாலையில் பிள்ளை எழுதிவைத்த கடிதத்தை, இரவு வேலை முடிந்து வரும் அப்பா படிக்கலாம். வீட்டில் இருட்டினால் கிராமத்திலும் இருட்டும்.

அங்கேயும் வீட்டுக்கடன் உண்டு. ஆனால் வட்டியில்லை, கெடுவுமில்லை! ஆயுள் முழுக்க 'அவசரம்' என்று குறித்த கோப்புகளோடு மாரடித்த குமாஸ்தாவுக்கு இது பெரிய அதிசயம்.

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் வீட்டுப்பாடத்துக்கு 'துவுவார்' என்பார்கள். கடமைக்கும், கடன்பட்டிருப்பதற்கும் அதே சொல்தான். தமிழிலும் கடன் என்றால் இரண்டும்தானே? கடமை வேண்டாம் என்று மனிதன் அங்கே ஓடவில்லை. துரத்தாத கடமையைத் தேடிப் போகிறான்.

என் பெயரில் அவள் ஒரு மரம் நட்டிருக்கிறாள். தண்ணீர்கூட ஊற்ற வேண்டாமாம்.