தொட்டியிலிருந்து சொட்டுவது: பீன்யாவும் மாசுத் தடுப்பின் கணக்கும்

1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம் தன் தலைப்பிலேயே மாசுத் 'தடுப்பு', 'கட்டுப்பாடு' என்னும் இரு சொற்களையும் கொண்டிருந்தது. அச்சட்டத்தின்வழி அமைந்த வாரியங்களும் தொடக்கத்தில் அவ்விரு சொற்களாலேயே பெயர் பெற்றன. 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வாரியங்களின் பெயரிலிருந்து 'தடுப்பு' நீங்கிற்று. சுருக்கம் கருதியே அவ்வாறு செய்திருக்கலாம். ஆயினும் பெங்களூருவின் வடமேற்கிலுள்ள பீன்யா தொழிற்பேட்டையின் வரலாற்றைக் காண்கையில், எஞ்சிய சொல்லே நடைமுறையாகவும் ஆயிற்று எனலாம்.

1970களில் உருப்பெற்ற பீன்யா சிறுதொழில்களின் பேட்டை. லேத் பட்டறைகளோடு முலாம் பூசும் பட்டறைகளும் அங்கே பெருகின. குரோம் முலாம் பூசும் தொட்டியில் ஒரு லிட்டர் கரைசலுக்கு ஏறத்தாழ 250 கிராம் குரோமிக் அமிலம் இருக்கும். அதன் எடையில் சரிபாதிக்குச் சற்று மேல் குரோமியம். தொட்டியிலிருந்து தூக்கப்படும் உலோகப் பொருளோடு சிறிது கரைசலும் ஒட்டிக்கொண்டு வெளியேறி, அலசும் நீரில் கலக்கிறது. குடிநீரில் குரோமியத்தின் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அப்படியானால் ஒரு லிட்டர் கரைசல் சுமார் 26 லட்சம் லிட்டர் நீரை அவ்வரம்புக்குக் கொண்டுவந்துவிடும். அதே கரைசல் பட்டறைக்காரர் காசு கொடுத்து வாங்கிய மூலப்பொருளும்கூட.

இங்கே தடுப்பு என்பது அரிய தொழில்நுட்பமன்று. பொருளைத் தொட்டிக்கு மேலேயே சில நொடி கூடுதலாகச் சொட்டவிடுவது முதற்படி. எதிரோட்ட அலசல் அடுத்தது. மணிக்கு ஒரு லிட்டர் கரைசல் ஒட்டி வெளியேறுகிறது, அதை ஆயிரம் மடங்கு நீர்க்கச் செய்ய வேண்டும் என்று கொள்வோம். ஒரே தொட்டியில் அலசினால் மணிக்கு 1,000 லிட்டர் நீர் வேண்டும். எதிரோட்டமாக இரு தொட்டிகள் வைத்தால் ஏறத்தாழ 32 லிட்டர், மூன்று வைத்தால் 10 லிட்டர் போதும். முதல் தொட்டியின் செறிந்த நீரை முலாம் தொட்டிக்கே திருப்பிவிடலாம். ஆழ்துளைக் கிணற்றையும் லாரித் தண்ணீரையும் நம்பிய பட்டறைகளுக்கு இது கண்ணுக்குத் தெரியும் சேமிப்பு.

சிக்கல் அளவுகோலில் இருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் முலாம் பட்டறைக் கழிவுநீரில் அறுமதிப்பு குரோமியத்துக்கு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் என வரம்பிட்டன. இது செறிவின் வரம்பு, மொத்த எடையின் வரம்பன்று. குரோமியத்தைத் திருப்பியெடுக்காமல் நீரை மட்டும் முப்பதில் ஒரு பங்காகக் குறைத்தவரின் கழிவில் செறிவு முப்பது மடங்கு ஏறும். சிக்கனம் செய்தவர் கோப்பில் குற்றவாளியாகத் தெரிவார். நீரைத் தாராளமாகக் கொட்டியவர் அவரினும் நல்லவராகத் தெரிவார். முலாம் பூசிய ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் எத்தனை கிராம் வெளியேறியது என்று அளந்திருந்தால் இந்த விந்தை நேர்ந்திராது.

அத்தகைய கணக்கு அறியப்படாததன்று. அமெரிக்காவின் 3எம் நிறுவனம் 1975இல் தொடங்கிய மாசுத் தடுப்புத் திட்டம், முதலாண்டுச் சேமிப்பை மட்டுமே வரவாகக் காட்டியது; அந்த அடக்கமே அதற்கு நம்பகத்தன்மை தந்தது. இந்தியாவில் 1992ஆம் ஆண்டின் மாசுக் குறைப்புக் கொள்கை அறிக்கை, மாசை மூலத்திலேயே தடுக்கச் சொன்னது. அதையடுத்து தேசிய உற்பத்தித்திறன் குழுவும் ஐ.நா. தொழில் வளர்ச்சி அமைப்பும் காகிதம், துணிச் சாயம், பூச்சிமருந்து ஆகிய துறைகளின் சிறு ஆலைகளில் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எடைபோட்டுப் பார்த்தன. முலாம் தொழில் அப்பட்டியலில் இல்லை.

பீன்யாவில் அளக்கப்பட்டது பெரும்பாலும் கேடுதான். 2009இல் மத்திய வாரியத்தின் மாசுக் குறியீடு அதைக் கடுமையாக மாசுற்ற பகுதிகளுள் சேர்த்தது. 2018ஆம் ஆண்டு மதிப்பீட்டில் அது மிக அபாய நிலைக்கு ஏறியது. பேட்டையின் ஒரு பகுதிக் கழிவு விருஷபாவதியில் இறங்கி, பைரமங்கலா நீர்த்தேக்கத்தைக் கடந்து, அர்க்காவதி வழியே காவிரியைச் சேர்கிறது. பைரமங்கலா நீரில் பயிரிடும் உழவருக்கு நேராமல் போகும் கேட்டின் மதிப்பைப் பட்டறைப் பேரேடும் காட்டாது, வாரியக் கோப்பும் காட்டாது. வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகள் குறித்த 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இழப்பை மதிப்பிட ஓர் ஆணையத்தை அமைக்கச் செய்தது. அதுவும் பாலாற்றுப் படுகையின் நிலமும் கிணறும் கெட்ட பிறகு.