வாளை மழுக்கிய உறை

"ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது" என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. பதவிச் சண்டை எங்கு நடந்தாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். ஆனால் உறையில் ஒரே ஒரு கத்தி இருந்தாலும், அந்த உறை கத்தியை என்ன செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நம் சரித்திரக் கதைகளிலும் அப்படித்தான். வாளுக்குப் பெயர் உண்டு, வம்சம் உண்டு. உறைக்கு அதிகம் போனால் நாலு ரத்தினக் கல் பதித்திருப்பார்கள், அத்துடன் சரி.

ஆனால் 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் குதிரைப்படைக்குள் இந்த உறை விஷயம் பெரிய விவாதமாகவே நடந்திருக்கிறது. அதில் ஹைதராபாத் நிஜாமின் குதிரைவீரர்கள் வருகிறார்கள், நம் சென்னையும் கொஞ்சம் வருகிறது. அந்தக் கதையைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் அறிவியல். பயப்பட வேண்டாம், கொஞ்சம்தான் :)

நன்றாகச் சாணை பிடித்த கத்தியின் வாய், அதன் நுனியில் ஓரிரு மைக்ரான் தடிமன்தான் இருக்கும். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 50 முதல் 100 மைக்ரான். அவ்வளவு மெல்லிய எஃகு கெட்டுப்போக மூன்று வழிகள் உண்டு. கடினமான ஒன்றில் இடித்தால் அது மடங்கும், அல்லது சில்லு பெயரும். மணல் போன்ற துகளில் உரசினால் தேயும். ஈரமோ அமிலமோ பட்டால் துரு அரிக்கும். முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பாக இருக்கும் கத்தியில்கூட, கண்ணுக்குத் தெரியாத துரு அந்த நுனியைத் தின்றுவிட்டிருக்கலாம்.

இப்போது உறையைப் பாருங்கள். இரும்பு உறை என்றால் கடினமான உலோகம் ஒன்று எப்போதும் வாளின் பக்கத்தில் இருக்கிறது. மர உறை என்றால் எஃகைவிட மிக மென்மையானது. அதில் உரசினால் மரம்தான் சிராயும், வாள் அல்ல. தோலும் அப்படித்தான், ஆனால் அதில் வேறு சிக்கல். தோலைப் பதப்படுத்த மரப்பட்டைகளைப் பயன்படுத்துவார்கள் (நம் ஊரில் ஆவாரம்பட்டை). அதில் உள்ள டானின் இரும்போடு வினைபுரியும். தோல் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் கத்தியைத் தோலுறையில் போட்டு மாதக்கணக்கில் வைக்கக்கூடாது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

இவ்வளவு தெரிந்தும் ராணுவங்கள் ஏன் இரும்பு உறைக்குப் போயின? அதற்கு நியாயமான காரணம் உண்டு. குதிரைவீரனின் உறை மழையில் நனையும், குதிரை விழுந்தால் அடியில் மாட்டும். தோலுறை ஊறிப் பிய்ந்தால், உள்ளே இருக்கும் வாள் வீரனின் காலையோ குதிரையின் விலாவையோ கிழித்துவிடும். இரும்பு உறை அப்படிச் சீக்கிரம் உடையாது. துடைத்தால் பளபளக்கும். அணிவகுப்பில் ராஜ கம்பீரமாக இருக்கும். வாளின் கூர்மையை அணிவகுப்பில் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை, உறையின் பளபளப்பைத்தான் பார்ப்பார்கள். அங்கேதான் பிரச்சினை ஆரம்பம்.

இனி நம் கதாநாயகர். பெயர் லூயிஸ் எட்வர்ட் நோலன். கனடாவில் பிறந்தவர், ஆஸ்திரியக் குதிரைப்படையில் பயிற்சி பெற்றவர், பிறகு பிரிட்டிஷ் 15ஆம் ஹுஸார் படையில் சேர்ந்தவர். அந்தப் படை இந்தியாவில் பெங்களூரில் இருந்தது. நோலன் சென்னையில் கவர்னர் சர் ஹென்றி பாட்டிஞ்சரிடம் மெய்க்காவல் அதிகாரியாகவும் இருந்திருக்கிறார். குதிரை என்றால் உயிர். குதிரைப்படையின் வரலாறும் உத்திகளும் பற்றி 1853இல் ஒரு புத்தகம் வெளியிட்டார்.

அந்தப் புத்தகத்தில் அவர் சொல்லும் ஒரு சம்பவம் இது. நிஜாமின் குதிரைவீரர்கள் சிலர், தங்களைவிட எண்ணிக்கையில் அதிகமான கலகக்காரர்களோடு மோதி ஜெயித்தார்கள். சண்டைக்குப் பிறகு மருத்துவரின் அறிக்கையைப் படித்த நோலனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே வெட்டில் துண்டான கைகள், கால்கள், தலைகள். பிரிட்டிஷ் வாள்களால் இப்படிப்பட்ட காயங்கள் ஏற்பட்டு அவர் பார்த்ததில்லை. இது என்ன மாயம்? இந்தியர்களின் எஃகு உயர்ந்ததா? அவர்களுக்கு ஏதாவது ரகசிய வீச்சு தெரியுமா?

நேரில் போய் அந்த வாள்களைப் பார்த்தார். அங்கேதான் கதையின் திருப்பம். அந்த அலகுகளில் பெரும்பாலானவை பிரிட்டிஷ் படையே பழசு என்று கழித்துப்போட்ட வாள்கள்! வீரர்கள் அவற்றுக்குத் தங்கள் வழக்கப்படி புதுப் பிடி போட்டிருந்தார்கள். அடியிலிருந்து முனை வரை சவரக் கத்தி போலச் சாணை பிடித்திருந்தார்கள். மர உறையில் வைத்திருந்தார்கள். உறைக்குள் வாள் ஆடாமல் இருக்க ஒரு வாரால் இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். சண்டை என்று வந்தால் ஒழிய வாளை உருவுவதே இல்லை. வெட்டுவதற்கு என்ன பயிற்சி தருகிறீர்கள் என்று ஒரு பழைய சிப்பாயிடம் நோலன் கேட்டிருக்கிறார். அப்படித் தனிப் பயிற்சி ஒன்றும் கிடையாது, வாள் கூராக இருந்தால் யார் கையில் இருந்தாலும் வெட்டும் என்பதுதான் அவர் சொன்ன பதிலின் சாரம்.

அதே அலகு. அதே எஃகு. பிரிட்டிஷ் வீரன் இடுப்பில் இருந்தபோது வெட்டாதது, நிஜாமின் வீரன் கையில் வெட்டியது. நோலன் குற்றம் சாட்டிய விஷயங்களில் ஒன்று பிரிட்டிஷாரின் எஃகு உறை. குதிரை ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் வாள் உள்ளே ஆடி இடிக்கிறது. தினமும் பயிற்சியிலும் அணிவகுப்பிலும் பலமுறை உருவித் திரும்பச் செருகும்போது வாய் உலோகத்தில் உரசுகிறது. காலையில் சாணை பிடித்தாலும் நாள்பட நாள்பட மழுங்கிவிடும். போதாக்குறைக்கு அந்தச் சத்தம் வேறு. இரவில் எதிரிக்குத் தெரியாமல் போக முடியாது.

இங்கே நாம் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலர் "மர உறைதான் காரணம்" என்று முடித்துவிடுவார்கள். உண்மையில் நான்கு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, உறை. இரண்டு, சாணை. மூன்று, தேவையில்லாமல் உருவாத பழக்கம். நான்கு, பிடி. நிஜாமின் வீரர்களின் பிடி சற்றுத் தட்டையானது. உருண்டையான பிடி கைக்குள் திரும்பிவிடும், அப்போது வாய் நேராக விழாது. தட்டைப் பிடியில் அந்தக் கவலை குறைவு. ஆக உறை மட்டுமே வெட்டவில்லை. ஆனால் உறை சரியில்லை என்றால் சாணையால் என்ன பிரயோஜனம்? பிடித்த சாணையைப் போர் நாள் வரை காப்பாற்றித் தருவது உறைதானே. அந்த வகையில் அதன் பங்கைக் குறைத்துச் சொல்ல முடியாது.

புத்தகம் வந்த மறு வருடமே அதற்கு ஒரு பரீட்சை வந்தது. கிரிமியப் போர். 1854 அக்டோபர் 25, பாலக்லாவா. அன்று காலை ஜெனரல் ஸ்கார்லெட்டின் தலைமையில் பிரிட்டிஷ் கனரகக் குதிரைப்படை, தன்னைவிட இரண்டு மடங்குக்கு மேலான ரஷ்யக் குதிரைப்படைக்குள் பாய்ந்தது. சில நிமிடங்கள் ஒரே வெட்டுக்குத்து. ரஷ்யர்கள் பின்வாங்கினார்கள். ஆனால் அவ்வளவு பேர் நெருங்கி நின்று வெட்டிக்கொண்டும் இறந்தவர்கள் குறைவு. ரஷ்யர்கள் அணிந்திருந்த தடித்த கம்பளி மேலங்கிகளில் தங்கள் வாள் இறங்கவில்லை, பட்டுத் தெறித்தது என்று பிரிட்டிஷ் வீரர்கள் சொன்னார்கள். எதிர்ப்பக்கமும் இதே லட்சணம்தான். ஸ்கார்லெட்டின் உதவி அதிகாரி எலியட் 14 வாள் காயங்கள் பட்டும் பிழைத்துக்கொண்டார். ரஷ்ய வாள்கள் கூராக இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்ன?

அதே நாளில் சிறிது நேரம் கழித்து, இலகுரகக் குதிரைப்படைக்குப் போன அந்தப் புகழ்பெற்ற தவறான தாக்குதல் உத்தரவைக் கொண்டுபோனவர் நோலன்தான். தாக்குதல் தொடங்கியதுமே பீரங்கிக் குண்டுச் சிதறல் மார்பில் பாய்ந்து இறந்தார். அவரைப் பற்றி இன்று பேசுபவர்கள் எல்லோரும் அந்த உத்தரவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். உறையைப் பற்றி அவர் எழுதியதை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு.

சரி, இதற்குத் தீர்வே இல்லையா? உலகில் பல இடங்களில் மக்கள் இதை முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். வட ஐரோப்பாவில் வைக்கிங்குகளின் வாளுறை இரண்டு மெல்லிய மரப் பலகைகளால் ஆனது, மேலே தோல் போர்த்தியது. உள்ளே ஆட்டு ரோமம் வைத்துத் தைத்த உறைகள் கிடைத்திருக்கின்றன. ரோமத்தில் உள்ள இயற்கையான கொழுப்பு, வாள் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும்.

இந்த விஷயத்தில் ஜப்பானியர்களை மிஞ்ச ஆள் இல்லை. அவர்களின் உறைக்குப் பெயர் 'சாயா'. 'ஹோ' என்னும் ஒருவகை மக்னோலியா மரத்தில் செய்வார்கள். மென்மையான மரம், பிசின் குறைவு. இரண்டு பாதிகளாகக் குடைந்து சோற்றுப் பசையால் ஒட்டுவார்கள். ஏன் சோற்றுப் பசை? உள்ளே அழுக்கோ துருவோ சேர்ந்தால் மரத்தைச் சேதப்படுத்தாமல் பிரித்துச் சுத்தம் செய்து மறுபடி ஒட்டலாம். வாளின் அடியில் 'ஹபாகி' என்று ஒரு உலோக வளையம் இருக்கும். அது உறையின் வாயில் இறுகப் பிடித்துக்கொள்வதால், அலகு உள்ளே எதிலும் படாமல் நிற்கும். கத்தானா வாளை வாய் மேல்நோக்கி இருக்கும்படி இடுப்பில் செருகுவார்கள், எடை முழுவதும் முதுகுப் பக்கம்தான். கூர்மையைக் காப்பதற்கு இதைவிட யோசிக்க முடியுமா!

நவீன ராணுவங்கள் கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தன: வெளியே உலோகம், உள்ளே மரம். 1934இல் ஜப்பானிய ராணுவம் தன் அதிகாரிகளுக்குக் கொண்டுவந்த வாளுறை இந்த வகைதான். இதைவிட வேடிக்கையான உதாரணம் அமெரிக்காவில். பின்னாளில் இரண்டாம் உலகப் போரில் பேர் வாங்கிய ஜார்ஜ் பேட்டன், லெப்டினன்ட்டாக இருந்தபோது வடிவமைத்த 1913ஆம் ஆண்டுக் குதிரைப்படை வாளுக்கு இரண்டு உறைகள் கொடுத்தார்கள். போர்க்களத்துக்கு, நீர் புகாத துணி போர்த்திய மர உறை. பாசறையில் அணிவகுப்புக்கு, நிக்கல் பூசிய எஃகு உறை. அழகு வேறு, வேலை வேறு என்று ராணுவமே ஒப்புக்கொண்டது போல! ஆனால் அதற்குள் காலம் மாறிவிட்டது. இயந்திரத் துப்பாக்கியின் முன் குதிரைக்கே வேலை இல்லாமல் போனது.

இன்று வெளியூர்ப் பயணக் கத்திகளுக்குக் கைடெக்ஸ் என்ற பிளாஸ்டிக் உறை பிரபலம். ஈரத்தை உறிஞ்சாது, அமிலம் கிடையாது. அதற்கும் ஒரு குறை உண்டு. உள்ளே மணல் புகுந்துவிட்டால், ஒவ்வொரு முறை உருவும்போதும் அது உப்புத்தாள் போல வேலை செய்யும். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் மணலில் உள்ள குவார்ட்ஸ் 7, கத்தி எஃகு சுமார் 5.5 முதல் 6.5. ஜெயிப்பது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. மணல் புகுந்தால் மரமும் தோலும்கூட இதே வேலையைச் செய்யும். ஆக எந்தப் பொருளானாலும் அவ்வப்போது உள்ளே சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

என்னை யோசிக்க வைத்தது பிரிட்டிஷ் ராணுவம் அந்த வாள்களைக் கழித்துப்போட்ட விதம்தான். வாள் வெட்டவில்லை என்றதும், வாளை மாற்றினார்கள். 1796ஆம் ஆண்டு மாதிரி போய் 1821ஆம் ஆண்டு மாதிரி வந்தது, பிறகு 1853, கடைசியில் 1908இல் வெட்டுவதையே கைவிட்டு, குத்துவதற்கென்றே ஒரு வாள். ஒவ்வொரு முறையும் குற்றவாளிக் கூண்டில் நின்றது வாள்தான். அதே நேரம் தூக்கிப்போட்ட பழைய அலகுகளை எடுத்து, மர உறையில் போட்டு, சம்பளம் குறைந்த சில குதிரைவீரர்கள் வேலையை முடித்துக் காட்டிவிட்டார்கள். அதைப் பார்த்து எழுதி வைக்க ஒரு நோலன் இருந்தார். படித்து மாற்றத்தான் ஆள் இல்லை.

உங்கள் வீட்டுச் சமையலறைக் கத்தி வெட்டவில்லை என்றால் புதுசு வாங்கும் முன், அது எங்கே படுத்துத் தூங்குகிறது என்று ஒருமுறை பாருங்கள். எவர்சில்வர் கரண்டிகளுக்கு நடுவே என்றால், ஒரு பழைய அட்டையை மடித்து உறையாகப் போட்டு வையுங்கள். பைசா செலவில்லை.