காடியும் கடற்கரையும்

வினிகர் என்று இக்காலத்திலே கடைகளில் விற்கப்படும் பொருளுக்குக் காடி என்றொரு பழந்தமிழ்ப் பெயர் உண்டு. புளித்த கஞ்சி நீரையும், புளிப்பிலே ஊறிய காயையும் நம் முன்னோர் அப்பெயராலேயே வழங்கினர். உப்பு வணிகராகிய உமணரது வண்டியிலே காடிக் கலம் ஒன்று கயிற்றாற் கட்டப்பெற்றிருந்த செய்தியைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகின்றது. நெடுவழி செல்வோர்க்கு உணவைக் கெடாது காத்துத் தந்தவை உப்பும் புளிப்புமே என்பது இதனால் விளங்கும்.

இவ்விரண்டும் ஒருங்கே வந்து சேர்ந்த இடம் வடசென்னைக் கடற்கரையாகும். எண்ணூர், வள்ளூர், அத்திப்பட்டு ஆகிய ஊர்களின் உப்பளங்களில் விளைந்த உப்பு, கால்வாய் வழியே படகுகளிற் சென்னைக்கு வந்தது. எண்ணூர் வரை 1806-ஆம் ஆண்டளவில் வெட்டப்பெற்ற அக்கால்வாய், பின்னாளிற் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியாயிற்று.

புளிப்பின் புதிய வகையோ கடல்வழியே வந்தது. வினிகர் என்னும் சொல்லின் மூலம் பிரெஞ்சு மொழியினது; புளித்த மது என்பது அதன் பொருள். போர்ச்சுக்கீசியர் வழங்கிய பெயரை ஒட்டி ஈழத்துத் தமிழர் இன்றும் அதனை ‘வினாகிரி’ என்பர். மதுவிலும் பூண்டிலும் ஊறிய போர்ச்சுக்கீசிய இறைச்சிக் கறி, கோவாவிலே வினிகரும் மிளகாயும் சேரப்பெற்று ‘விந்தாலு’ ஆயிற்று. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில்பாதை 1856-இல் இராயபுரத்திலிருந்து திறக்கப்பெற்றது. ரயில் வேலையை ஒட்டி இராயபுரத்திலும் பெரம்பூரிலும் வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியர் இல்லங்களில் அக்கறி விருந்துணவாக விளங்கியது.

கப்பல்களிலே வினிகருக்கு வேறொரு பணியும் இருந்தது. மாலுமிகள் உறங்கும் அடித்தளங்களை வினிகராற் கழுவுவர். அதனை எங்கும் தெளிப்பர். கெட்ட காற்றே நோயைத் தருவது என்று நம்பிய காலம் அது. நாற்றம் நீங்கினால் நோயும் நீங்கும் என்று கருதினர். நாற்றம் தணிந்தது, காலராவோ கப்பலேறித் துறைமுகம்தோறும் சென்றுகொண்டிருந்தது. அந்நோய் குடிநீரால் பரவுவதை 1854-இல் லண்டனில் ஜான் ஸ்நோ சுட்டினார். 1884-இல் ராபர்ட் காக் கல்கத்தாவிலே அதன் கிருமியைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். மக்களைக் காப்பது தூய நீரே என்பது அவற்றால் உறுதியாயிற்று.

வினிகரின் இயல்பை 1864-இல் ஆராய்ந்தவர் லூயி பாஸ்டர். சர்க்கரை முதலிலே மதுவாகின்றது. பின்னர் அம்மதுவை ஒருவகை நுண்ணுயிர் காற்றின் துணைகொண்டு அசிட்டிக் அமிலமாக மாற்றுகின்றது. நமது கஞ்சிக் காடியின் புளிப்பு பெரும்பாலும் தயிரின் புளிப்பை ஒத்தது. வினிகரின் புளிப்பு இவ்வாறு மதுவினின்று பிறப்பது.

இவ்வியல்பை அறிந்தால் இல்லத்திலே அதற்குரிய இடமும் தெளிவாகும். மீஞ்சூர்ப் பக்கத்தில் நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்தமையால் கடல்நீர் உட்புகுந்தது என்பது 1960-களிலேயே அறியப்பட்டது. கிணற்று நீர் கடினமாயுள்ள வீடுகளில், வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறம் வெண்படலம் படியும். அது சுண்ணாம்பு வகையைச் சேர்ந்தது. வினிகரும் நீரும் சமமாகக் கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்தால் அது கரைந்துவிடும். காசிமேட்டு மீனை நறுக்கிய கத்தியிலும் பலகையிலும் நிற்கும் நாற்றம் காரத்தன்மை உடைய பொருள்களால் வருவது. ஆகவே புளிப்புப் பட்டவுடன் அடங்கும். பித்தளையின் களிம்பு, உப்பு கலந்த வினிகராலே நீங்கும். உடனே கழுவித் துடைத்தல் வேண்டும்.

பித்தளையைத் துலக்கும் அதே புளிப்பு, அதிலேயே தங்கினால் செம்பைக் கரைத்து நச்சுக் களிம்பை உண்டாக்கும். பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசியதும், ஊறுகாயைப் பீங்கான் ஜாடியில் இட்டதும் இக்காரணம் பற்றியே. பளிங்குத் தரையும் சுண்ணாம்பு வகையாதலின், வினிகர் பட்டால் பொலிவிழக்கும்.

யாவற்றினும் முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. பிளீச்சிங் பவுடரோடு வினிகரை ஒருபோதும் கலத்தலாகாது. அக்கலப்பிலிருந்து குளோரின் வாயு எழும். 1915-இல் ஈப்ரே போர்க்களத்திலே வீரர்களின் உயிரைக் கொள்ளைகொண்ட வாயு அதுவே. கதவடைத்த குளியலறையில் அது சிறிதளவு எழுந்தாலும் நுரையீரலுக்குத் தீங்காகும்.

கடையில் வாங்கும்போது புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்தல் நன்று. புளிக்கவைத்து எடுத்தது ஒருவகை. அசிட்டிக் அமிலத்தில் நீர் கலந்து செய்தது மற்றொரு வகை. பின்னதைச் செயற்கை வினிகர் என்றே குறித்தல் வேண்டும் என்பது நம் நாட்டு விதி. இருவகையிலும் அமிலம் நூற்றுக்கு 3.75 பங்கிற்குக் குறைதலாகாது. தோலைச் சுட்டுவிடும் செறிந்த அமிலத்தை வினிகர் என்று எண்ணி அடுக்களையில் வைத்தல் கூடாது.

உமணர் வண்டியில் தொங்கிய கலம் முதல் இன்றைய புட்டி வரை, புளிப்பு நமக்கு உணவைக் காத்தது, பாத்திரத்தைத் துலக்கியது. நோயைத் தடுக்கும் வேலையைக் காய்ச்சிய நீரிடமும் தூய்மையிடமும் விட்டுவிடுதலே அறிவுடைமையாகும்.